பைக்கைக் காரேஜுக்குள்தான் வைக்க வேண்டும் என்று எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) நோட்டீஸ்: இது செல்லுமா?

தார்ரோடு

வணக்கம் மக்களே. கலிஃபோர்னியாவில் ஒரு டவுன்ஹோம் கம்யூனிட்டியில் சொந்த வீடு. காரேஜ் டேண்டம் வகை, ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு கார் நின்றால் நடப்பதற்கே ஒருக்களித்துத்தான் போக வேண்டும். அது போக வீட்டுக்கு எதிரே எங்கள் யூனிட் நம்பர் போட்ட திறந்த ஸ்டால் ஒன்று உண்டு, பைக் வாங்கியதிலிருந்து அதில்தான் நிற்கிறது. ராயல் என்ஃபீல்டு 650, கம்பெனியில் வந்த சைலன்ஸர்தான், ஒரு நட்டைக்கூட மாற்றவில்லை. ரெஜிஸ்ட்ரேஷன், இன்ஷூரன்ஸ் எல்லாம் சரியாக இருக்கிறது. வாரநாட்களில் வேலைக்குப் போவதே அதில்தான், பைக் என்றால் தனியாளாகவே கார்பூல் லேனில் போகலாம் என்பதால் நிறைய நேரம் மிச்சம்.

மேனேஜ்மென்ட் கம்பெனி மாறியதிலிருந்துதான் தலைவலி. புதிதாக வந்தவர்கள் அனுப்பிய கடிதத்தில், மோட்டார்சைக்கிள், ஆர்வி (ரெக்ரியேஷனல் வெஹிக்கிள், அதாவது பொழுதுபோக்கு வண்டி), படகு, ட்ரெய்லர் எதையும் பொது இடத்தில் நிறுத்தக் கூடாது, காரேஜுக்குள் மட்டுமே வைக்க வேண்டும், இது முதல் எச்சரிக்கை, அடுத்தது 100 டாலர், அதற்கடுத்தது 250 டாலர், அப்புறம் டோ (வண்டியை இழுத்துப் போவது) என்று இருக்கிறது. அதே வரிசையில் ஏணியெல்லாம் கட்டிய பிக்கப் ஒன்று தினமும் நிற்கிறது, கவர் போட்ட ஒரு பழைய கார் நகர்ந்தே நான் பார்த்ததில்லை, அவர்களுக்கெல்லாம் ஒன்றும் வரவில்லையாம்.

என் ஸ்டாலில் என் வண்டியை நிறுத்தக் கூடாது என்று சொல்ல இவர்களுக்கு அதிகாரம் உண்டா? அபராதம் கட்டாமல் விட்டால் வீட்டு மேல் ஏதாவது போட்டு விடுவார்களா? டோ செய்தே விடுவார்களா? வீட்டில் "வித்துத் தொலையுங்கள்" என்கிறார்கள், அது தவிர வேறு வழி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

—

சரளைக்கல்

முதல் வேலையாக அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக வையுங்கள், உறையோடு. தேதி முக்கியம். போனில் கூப்பிட்டுச் சண்டை போடாதீர்கள், மேனேஜ்மென்ட் கம்பெனியில் போனை எடுப்பவருக்கு எந்த அதிகாரமும் கிடையாது, நீங்கள் கத்தியதை மட்டும் ஃபைலில் எழுதி வைப்பார். எல்லாமே ஈமெயிலில் இருக்கட்டும்.

என் அனுபவத்தில் இந்த மாதிரிக் கடிதங்களில் பாதி, யாரோ ஒரு பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்ததால் அச்சுப் படிவத்தில் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவது. எந்த ஷரத்தை மீறினீர்கள் என்று நம்பரோடு கடிதத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

—

முன்னாள்போர்டு

சில வருஷம் எங்கள் கம்யூனிட்டி போர்டில், அதாவது சங்க நிர்வாகக் குழுவில் இருந்தேன், பார்க்கிங் சண்டையைத் தவிர வேறெதுவும் அதிகம் பார்க்கவில்லை என்றே சொல்லலாம். நான் வக்கீல் இல்லை, ஆனால் டேவிஸ் ஸ்டெர்லிங் சட்டத்தை வேண்டிய அளவுக்குப் புரட்டியிருக்கிறேன். 1985-இல் வந்த சட்டம், 2014-இலிருந்து புது எண்களோடு சிவில் கோடில் 4000-லிருந்து ஆரம்பிக்கும். எச்ஓஏ சம்பந்தமாக கலிஃபோர்னியாவில் எது கேட்டாலும் பதில் பெரும்பாலும் அதில்தான்.

உங்கள் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரே பதில் கிடையாது. அந்தத் தடை எந்தக் காகிதத்தில் இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே சட்டம், அதற்குக் கீழே கவுன்டியில் பதிவு செய்த டிக்ளரேஷன், நாம் சிசிஆர் என்று சொல்வது. அப்புறம் சங்கத்தின் ஆர்ட்டிக்கிள்ஸ், பைலாஸ். எல்லாவற்றுக்கும் அடியில்தான் போர்டு அவ்வப்போது போடுகிற ரூல்ஸ். மேலே இருப்பதோடு கீழே இருப்பது முரண்பட்டால் கீழே இருப்பது செல்லாது, செக்‌ஷன் 4205 இதைத்தான் சொல்கிறது.

பதிவு செய்த சிசிஆரிலேயே "மோட்டார்சைக்கிள் பொது ஸ்டாலில் கூடாது" என்று வெளிப்படையாக இருந்தால் உங்கள் பாடு கஷ்டம். 1994-இல் கலிஃபோர்னியா சுப்ரீம் கோர்ட் நார்ஸ்டெட் வழக்கில் சொன்னது இதுதான்: வீடு வாங்கும்போதே பதிவில் இருந்த கட்டுப்பாடு நியாயமானது என்றே எடுத்துக்கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு, அதுவும் அவர் ஒருவர் நிலைமையை வைத்து அல்ல, மொத்தக் குடியிருப்பையும் வைத்துப் பார்க்க வேண்டும். வழக்குப் போட்ட அந்த அம்மா வளர்த்தது வீட்டை விட்டு வெளியே போகாத மூன்று பூனைகள், யாருக்கும் தொந்தரவு இல்லை என்று சொல்லியும் அவர் பக்கம் தீர்ப்பு வரவில்லை. "என் பைக் சத்தமே போடாது" என்கிற வாதம் அங்கே எவ்வளவு தூரம் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பைக்குக்கு நெருக்கமாக வருகிற இன்னொரு வழக்கும் உண்டு, 1987, பெர்னார்டோ வில்லாஸ். ட்ரக் நிறுத்தக் கூடாது என்ற சிசிஆரை வைத்து, சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த சுத்தமான பிக்கப்பைத் தடுக்கப் பார்த்தார்கள், அப்பீல் கோர்ட் அது நியாயமில்லை என்றது. இதை நிறைய பேர் இணையத்தில் எடுத்துக் காட்டுவார்கள், ஆனால் இது நார்ஸ்டெட்டுக்கு முன்னால் வந்தது, இதை மட்டும் நம்பி ஹியரிங்குக்கு (போர்டு முன் நடக்கும் விசாரணைக்கு) போகாதீர்கள்.

சிசிஆரில் இல்லாமல் போர்டு போட்ட ரூலில் மட்டும் "மோட்டார்சைக்கிள்" இருந்தால் கதையே வேறு. 4350 படி ரூல் எழுத்தில் இருக்க வேண்டும், போர்டின் அதிகாரத்துக்குள் இருக்க வேண்டும், சிசிஆருக்கு முரணாக இருக்கக் கூடாது, நல்லெண்ணத்தோடு போட்டதாக இருக்க வேண்டும், நியாயமாகவும் இருக்க வேண்டும். பொது இடத்தை உபயோகிப்பது பற்றிய ரூலை மாற்றுவதற்குக் குறைந்தது 28 நாள் முன்னால் எல்லா உறுப்பினர்களுக்கும் நோட்டீஸ் போயிருக்க வேண்டும், அதில் ரூலின் வாசகமும் எதற்காக என்ற விளக்கமும் இருக்க வேண்டும், போர்டு மீட்டிங்கில் வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும், முடிவான 15 நாளுக்குள் மறுபடி தெரிவிக்க வேண்டும். இது 4360. பிடிக்காதவர்கள் 4365 படி 5 சதவீதம் வீட்டுக்காரர்களின் கையெழுத்தோடு, அந்த அறிவிப்பு வந்த 30 நாளுக்குள், ரூலை ரத்து செய்ய ஓட்டெடுப்பு கேட்கலாம். 120 வீடு இருந்தால் 6 கையெழுத்து போதும். அறிவிப்பே வரவில்லை என்றால் அந்த 30 நாள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்று வாதாடலாம்.

அபராதம்: அந்த 250 டாலரைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. 2025 நடுவில் ஏபி 130 என்ற மசோதா சட்டமானது, அதன்படி ஒரு மீறலுக்கு 100 டாலருக்கு மேல் போட முடியாது. உடல்நலம், பாதுகாப்பைப் பாதிக்கிற விஷயமாக இருந்தால் மட்டும் விதிவிலக்கு, அதையும் போர்டு திறந்த மீட்டிங்கில் எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்திருக்க வேண்டும். அபராதத்துக்கு வட்டியும் லேட் ஃபீயும் கிடையாது. உங்கள் மேனேஜ்மென்ட் கம்பெனி பழைய பட்டியலையே ஓட்டிக்கொண்டிருக்கிறது போல.

அப்புறம், ஹியரிங் இல்லாமல் அபராதமே போட முடியாது. குறைந்தது 10 நாள் முன்னால் எழுத்தில் நோட்டீஸ், நீங்கள் நேரில் வந்து பேச வாய்ப்பு, ஹியரிங்குக்கு முன்பே வண்டியை எடுத்துவிட்டால் தண்டனை கிடையாது, இதெல்லாம் 5855. கட்டாத அபராதத்துக்காகக் கோர்ட்டுக்குப் போகாமல் வீட்டை ஏலம் போடுகிற மாதிரி லீன் (பாக்கிக்காக வீட்டின் மேல் போடும் பிணைப் பதிவு) வைக்கவும் முடியாது, மாதாந்திரக் கட்டண பாக்கி வேறு, அபராதம் வேறு. இந்த பயத்தால்தான் பலர் பேசாமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். ஒன்று மட்டும், அபராதத்தில் கோபப்பட்டு மாதக் கட்டணத்தை நிறுத்தி விடாதீர்கள், அது நீங்களே போய் மாட்டிக்கொள்வது.

கடைசியாக, அந்த ஸ்டால் காண்டோ பிளானில் (குடியிருப்பின் பதிவான வரைபடத்தில்) உங்கள் யூனிட்டுக்கென்றே எழுதி வைத்ததா, இல்லை போர்டு வசதிக்காக ஒதுக்கிக் கொடுத்ததா? முதல் வகை என்றால் உங்கள் கை கொஞ்சம் ஓங்கும்.

—

தார்ரோடு

முன்னாள்போர்டு அண்ணா, இவ்வளவு விரிவாக எழுதினதற்கு ரொம்ப நன்றி. வீடு வாங்கியபோது கொடுத்த கட்டைத் தேடி எடுத்தேன். சிசிஆரில் பார்க்கிங் பகுதியில் "ட்ரெய்லர், கேம்பர், படகு, ரெக்ரியேஷனல் வெஹிக்கிள், ஓடாத வண்டி" என்றுதான் இருக்கிறது. மோட்டார்சைக்கிள் என்று அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. ஸ்டாலும் பிளானில் எங்கள் யூனிட் நம்பரோடுதான் இருக்கிறது.

மேனேஜ்மென்ட் இணையதளத்தில் இப்போது இருக்கிற ரூல்ஸ் புத்தகத்தில்தான் "மோட்டார்சைக்கிள் உட்பட ரெக்ரியேஷனல் வெஹிக்கிள்கள்" என்று ஒரு வரி வந்திருக்கிறது. நாங்கள் வாங்கும்போது கொடுத்த புத்தகத்தில் அந்த வரி இல்லை. நடுவில் நோட்டீஸ் வந்ததா என்று வீட்டிலும் கேட்டேன், பழைய ஈமெயிலையும் தேடினேன், எதுவும் கண்ணில் படவில்லை.

—

முன்னாள்போர்டு

அப்படியென்றால் பரவாயில்லை, நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். அந்த ரூலை நிறைவேற்றிய மீட்டிங்கின் மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு), அதற்கு முன் அனுப்பிய 28 நாள் நோட்டீஸ், இரண்டின் நகலையும் எழுதிக் கேளுங்கள். பதிவேடுகளைப் பார்க்கும் உரிமை 5200-இல் தொடங்கும் பிரிவுகளில் இருக்கிறது, காரணமில்லாமல் மறுத்தால் சிறு தொகை வழக்குகளுக்கான ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுக்கே போகலாம், மறுத்த ஒவ்வொரு கோரிக்கைக்கும் 500 டாலர் வரை அபராதம் அவர்கள் மேல் வரும். இந்த ஒரு வரியைக் கடிதத்தில் மரியாதையாகச் சேர்த்தால் பதில் சீக்கிரம் வரும்.

ரெக்ரியேஷனல் வெஹிக்கிள் என்ற சொல்லுக்குள் பைக்கை அடைக்கப் பார்க்கிறார்கள். கலிஃபோர்னியா வெஹிக்கிள் கோடில் செக்‌ஷன் 400, மோட்டார்சைக்கிள் என்பது ஒரு மோட்டார் வாகனம் என்றே ஆரம்பிக்கிறது. டிஎம்வி (வண்டிப் பதிவுத் துறை) நம்பர் பிளேட் போட்டு, தினமும் வேலைக்குப் போய்வருகிற வண்டியை, வருஷத்தில் நாலு நாள் ஏரிக்கு இழுத்துப்போகிற படகோடு சேர்ப்பது எப்படி என்று ஹியரிங்கில் கேளுங்கள். டர்ட் பைக்காக இருந்தால் இந்த வாதம் நிற்காது, உங்களுடையது ரோட்டு வண்டி.

—

இரண்டாம்மாடி

கொஞ்சம் மறுபக்கமும் எழுதுகிறேன், திட்டாதீர்கள். எங்கள் கம்யூனிட்டியில் நான் இப்போது பொருளாளர், பைக் ஓட்டியதில்லை.

எல்லாரும் போர்டு என்றால் வேலையில்லாத கிழவர்கள் கூட்டம் என்று நினைக்கிறீர்கள் (கொஞ்சம் உண்மைதான்). ஆனால் பைக் ரூல் எப்படி வருகிறது என்றால், கோடையில் தார் இளகும்போது சைடு ஸ்டாண்டு உள்ளே இறங்கி குழி விழும், மழை வந்தால் அதில் தண்ணீர் நிற்கும், ரோட்டை சீல் செய்கிற செலவு எல்லார் தலையிலும் விழும். ஒரு ஸ்டாலில் காரும் வைத்து அதன் பின்னால் பைக்கும் செருகி, பின்பக்கம் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும், குப்பை வண்டி திரும்ப முடியாது. விருந்தினர் பார்க்கிங்கில் நிரந்தரமாக நாலு பைக். இதெல்லாம் போகட்டும், விடியற்காலை அஞ்சு மணிக்கு ஸ்டார்ட் செய்து, சூடாகட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே போய்க் காபி குடிக்கிற ஆள் ஒருவர் இருந்தால் போதும், எண்பது வீட்டுக்காரர்களும் "மொத்தமாகத் தடை செய்" என்பார்கள். அந்த ஒருவர் செய்ததற்கு நீங்கள் அனுபவிக்கிறீர்கள்.

ஆகவே சட்டத்தை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு ஹியரிங்குக்கு வருபவரிடம் போர்டு விறைத்துக்கொள்ளும். ரூலை இப்படி மாற்றுங்கள் என்று எழுதியே கொண்டு வருபவரிடம் பேசத் தோன்றும், இது மனுஷ சுபாவம். நானாக இருந்தால் இந்த மாதிரி எழுதிக் கொடுப்பேன்: ரெஜிஸ்டர் செய்த, ஓடுகிற மோட்டார்சைக்கிளை உரிமையாளர் தன் ஸ்டாலில் நிறுத்தலாம், ஸ்டால் கோட்டைத் தாண்டக் கூடாது, ஸ்டாண்டுக்கு அடியில் தட்டு வைக்க வேண்டும், எண்ணெய்க் கறை வந்தால் உரிமையாளர் செலவில் சுத்தம் செய்ய வேண்டும், இரவு பத்து முதல் காலை ஆறு வரை நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிடக் கூடாது, சைலன்ஸரில் இபிஏ (கூட்டாட்சி சுற்றுச்சூழல் அமைப்பு) முத்திரை இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் பலருக்குத் தெரியாது. 1983 முதல் தயாரான ரோட்டு பைக்குகளுக்குக் கூட்டாட்சி அளவில் சத்த வரம்பு உண்டு, 1986 மாடலிலிருந்து அது 80 டெசிபெல், அதற்கான முத்திரை வண்டியிலும் சைலன்ஸரிலும் இருக்கும். கலிஃபோர்னியாவிலும் 2013 முதல் தயாரான வண்டிகளுக்கு எக்ஸாஸ்டில் அந்த முத்திரை கட்டாயம், முத்திரை இல்லாத மாற்று சைலன்ஸர் போட்டு ஓட்டினால் போலீஸ் டிக்கெட் கொடுக்கலாம். தார்ரோடு நண்பரின் வண்டியில் முத்திரை இருக்கும், அதை ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளட்டும். சத்தம்தான் பிரச்சினை என்று போர்டு சொன்னால், சத்தத்துக்கு ஏற்கெனவே அளவுகோல் இருக்கிறது, வண்டியின் வகையை வைத்துத் தடுக்காதீர்கள் என்று பதில் சொல்லலாம். எனக்கே இந்த வாதம் நியாயமாகத்தான் படுகிறது.

—

சரளைக்கல்

தட்டு விஷயம் நூற்றுக்கு நூறு. சின்ன பிளாஸ்டிக் தட்டு, பைக் கடைகளில் கிடைக்கும், ஒரு கயிறு கட்டி ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டால் குனிந்து எடுக்க வேண்டாம். கெட்டியான பலகைத் துண்டு இருந்தாலும் போதும்.

இன்னொன்று, இரண்டாம்மாடி சார் சொன்ன அந்த ஐந்து மணி ஆள் எல்லா ஊரிலும் இருக்கிறார். புது எஞ்சின்களுக்கு அவ்வளவு நேரம் நின்று சூடாக வேண்டிய அவசியமே இல்லை, கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். கேட்டைத் தாண்டுகிறவரை மெதுவாகப் போனால் அதிலேயே சூடாகிவிடும்.

—

பனைமரத்தெரு

கலிஃபோர்னியாக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் டெக்சாஸில் ரூல் மாற்றத்துக்கு உங்களுடைய மாதிரி ஐந்து சதவீதக் கையெழுத்துக் கதையெல்லாம் இல்லை. ஆனாலும் நோட்டீஸ் இல்லாமல் அபராதம் போட முடியாது, ப்ராப்பர்ட்டி கோட் 209.006 படி செர்ட்டிஃபைடு மெயிலில் கடிதம் வர வேண்டும், சரி செய்துகொள்ள அவகாசம் கொடுக்க வேண்டும், 30 நாளுக்குள் ஹியரிங் கேட்கலாம். 2024-லிருந்து அபராதப் பட்டியலை எழுதி வெளியிடாமல் வசூலிக்கவும் முடியாது. இது காண்டோவுக்குப் பொருந்தாது, அதற்குச் சட்டம் வேறு.

ஃப்ளோரிடாவில் இருக்கிற என் மைத்துனனுக்கு 2024 ஜூலையில் ஒரு சட்டம் வந்தது, சொந்த டிரைவ்வேயில் சொந்த உபயோக வண்டியை, பிக்கப்பாக இருந்தாலும், நிறுத்துவதை எச்ஓஏ தடுக்க முடியாது. மோட்டார்சைக்கிள் என்று அந்த வாசகத்தில் பெயர் சொல்லி இல்லை, ஆனால் சொந்த உபயோக வண்டிதானே என்று அவன் தைரியமாக நிறுத்துகிறான், இதுவரை யாரும் கேட்கவில்லை. அங்கேயும் காண்டோ தனிச் சட்டம்.

தார்ரோடு, ஒரு கேள்வி. உங்கள் கம்யூனிட்டிக்குள் ஓடுகிற ரோடு தனியார் ரோடா, சிட்டி ரோடா? சிட்டி ரோடு என்றால் ஓரத்தில் நிறுத்திய வண்டியை எச்ஓஏ டோ செய்ய முடியாது. அங்கே நிறுத்தினாலும் சிசிஆரை மீறினீர்கள் என்று அபராதக் கடிதம் அனுப்பப் பார்ப்பார்கள், அரிசோனா மாதிரி சில மாநிலங்களில் அதையும் சட்டம் போட்டுக் குறைத்திருக்கிறார்கள். ஆனால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போகிற அதிகாரம் சிட்டிக்குத்தான். ரோடு யாருடையது என்று சிட்டியின் பப்ளிக் வொர்க்ஸ் பிரிவில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். தெரு விளக்கு, குழி ரிப்பேர் யார் செய்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

—

தார்ரோடு

உள்ளே எல்லாம் தனியார் ரோடுதான், மெயின் ரோடு மட்டும் சிட்டி. அங்கே ராத்திரி நிறுத்தினால் காலையில் வண்டி இருக்குமா என்பதே சந்தேகம். டோ பற்றி யாராவது சொல்லுங்களேன், எனக்கு அதுதான் உண்மையான பயம். 100 டாலர் போனால் போகிறது, கொக்கி போட்டு இழுத்துப் போய் டேங்கை நசுக்கிக் கொடுத்தால் யாரைக் கேட்பது?

—

சரளைக்கல்

டோவுக்கு வெஹிக்கிள் கோட் 22658. முதலில் கேட்டில் அறிவிப்புப் பலகை இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு நுழைவாயிலிலும், குறைந்தது 17-க்கு 22 அங்குல அளவில், எழுத்து ஒரு அங்குலத்துக்குக் குறையாமல், உரிமையாளர் செலவில் அகற்றப்படும் என்ற வாசகம், போலீஸ் போன் நம்பர், டோ கம்பெனி பெயரும் நம்பரும் எல்லாம் இருக்க வேண்டும். டேப் எடுத்து அளந்து ஃபோட்டோ எடுங்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பலகை சரியாக இல்லையென்றால், வண்டியில் மீறல் நோட்டீஸ் ஒட்டி 96 மணி நேரம் கழிந்த பிறகுதான் எடுக்கலாம், பொதுவாக.

டோ கம்பெனி தானாகவே சுற்றி வந்து தூக்க முடியாது. ஒவ்வொரு வண்டிக்கும் சங்கத்தின் சார்பில் ஒருவர் அங்கே இருந்து எழுத்தில் அனுமதி கொடுக்க வேண்டும். ஃபயர் லேனை மறித்தாலோ, ஹைட்ரன்ட்டுக்கு 15 அடிக்குள் நின்றாலோ, வாசலை அடைத்தாலோதான் பொது அனுமதி செல்லும். நீங்கள் உங்கள் நம்பர் போட்ட ஸ்டாலுக்குள் நிற்கிறீர்கள், அந்த வகை எதிலும் வரமாட்டீர்கள். வண்டி கம்யூனிட்டியை விட்டு வெளியே போவதற்கு முன்னால் நீங்கள் வந்து நின்றுவிட்டால் உடனே விட வேண்டும், ஏற்றியிருந்தால் வழக்கமான கட்டணத்தில் பாதிக்கு மேல் கேட்கக் கூடாது.

சேதம் ஆனால், அஜாக்கிரதையாகக் கையாண்டதற்கு டோ கம்பெனி பொறுப்பு. அதற்கு முன்னால் வண்டி எப்படி இருந்தது என்று நிரூபிக்க இப்போதே நாலு பக்கமும் தேதியோடு ஃபோட்டோ எடுத்து வையுங்கள். ஸ்மால் கிளெய்ம்ஸில் தனி நபர் 12,500 டாலர் வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம், வைத்துக்கொள்ளவும் முடியாது. ஹேண்டில் லாக் போட்டிருக்கிற பைக்கைப் பிளாட்பெட்டில் ஏற்றும்போதுதான் கீழே போடுவார்கள், அதற்காக லாக் போடாமல் விட்டால் திருடன் எடுத்துப்போவான், அதனால் அதை யோசித்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இன்ஷூரன்ஸில் காம்ப்ரஹென்ஸிவ் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

—

முன்னாள்போர்டு

டோ பேச்சு இப்போதைக்கு வெறும் பூச்சாண்டிதான் என்று நினைக்கிறேன். ரூல் எப்படி வந்தது என்பதே கேள்வியில் இருக்கும்போது ஸ்டாலுக்குள் இருக்கிற வண்டியைத் தூக்கினால் சங்கத்தின் வக்கீலே தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்: "இந்த விவகாரம் முடியும்வரை டோ செய்ய மாட்டோம் என்று உறுதி தாருங்கள்" என்று ஒரு வரி.

கூடவே ஐடிஆர் கேளுங்கள். போர்டில் ஒருவர் உங்களோடு உட்கார்ந்து பேசி முடிக்கிற முறை, உறுப்பினர் எழுதிக் கேட்டால் சங்கம் மறுக்க முடியாது, உங்களுக்குச் செலவும் இல்லை. ஹியரிங்கில் அஞ்சு பேர் முன்னால் நின்று விளக்கம் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். அங்கே ஒப்புக்கொண்டதை எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டால் அது கட்டுப்படுத்தும், சட்டத்துக்கோ சிசிஆருக்கோ முரணாக இல்லாதவரை. இரண்டாம்மாடி எழுதிக் கொடுத்த வாசகத்தை அப்படியே அங்கே வைக்கலாம்.

ஏணி பிக்கப், கவர் போட்ட கார் இரண்டையும் ஃபோட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அவர்களை மாட்டிவிடுகிற மாதிரி பேசாதீர்கள். ஒருவருக்கு மட்டும் ரூலைப் பிடித்தீர்கள் என்ற வாதத்துக்காக, தேவைப்பட்டால் மட்டும். நாளைக்குக் கையெழுத்து வாங்க அந்தப் பிக்கப்காரர் கதவையும் தட்ட வேண்டியிருக்கும்.

—

தார்ரோடு

சரி, பதிவேடு நகல், டோ செய்ய மாட்டோம் என்ற உறுதி, ஐடிஆர் மூன்றையும் கேட்டு ஈமெயில் அனுப்பிவிட்டேன், செர்ட்டிஃபைடு மெயிலிலும் ஒன்று. மேனேஜரிடமிருந்து "போர்டுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்று ஒற்றை வரி வந்திருக்கிறது. பிக்கப்காரரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன், அவருக்கும் பழைய வண்டி ஒன்று காரேஜில் இருக்கிறதாம், கையெழுத்துப் போடுகிறேன் என்றார். மினிட்ஸ் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

—

புதுக்குடித்தனம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நானும் பைக் வைத்திருக்கிறேன், இப்போதுதான் டவுன்ஹோம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், இதெல்லாம் படித்தால் பயமாக இருக்கிறது. வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

—

இரண்டாம்மாடி

கலிஃபோர்னியாவில் விற்பவர் சிசிஆர், பைலாஸ், ரூல்ஸ் எல்லாவற்றையும் உங்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும், 4525. ஏஜென்ட் எஸ்க்ரோ (விற்பனை முடியும் வரையிலான காலம்) கடைசியில் முந்நூறு பக்க பிடிஎஃப்பாக அனுப்புவார், கன்டின்ஜென்சியை (ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள இடம் தரும் நிபந்தனையை) விடுவதற்கு முன் அதைக் கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்கேனாக இருந்தால் தேடல் பெட்டி எதையும் காட்டாது, பார்க்கிங் பகுதியைக் கண்ணால்தான் படிக்க வேண்டும். வெஹிக்கிள் என்பதற்கு என்ன விளக்கம் கொடுத்திருக்கிறார்கள், காரேஜில் கார் மட்டும்தான் நிறுத்த வேண்டும் என்று இருக்கிறதா, வண்டிக்குக் கவர் போடலாமா, இந்த மூன்றும் முக்கியம். கவரைத் தடை செய்த இடங்கள் நிறைய.

கடைசி ஒரு வருஷ போர்டு மினிட்ஸையும் கேளுங்கள். பார்க்கிங் ரூலை மாற்றப் பேசிக்கொண்டிருந்தால் அதில் தெரிந்துவிடும். அப்புறம் வாரநாளில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்தக் கம்யூனிட்டிக்குள் ஒரு நடை போய்வாருங்கள், ஓப்பன் ஹவுஸ் நடக்கிற பகலில் எல்லா ஸ்டாலும் காலியாகத்தான் இருக்கும்.